கோர்ட்டில் உபுண்டு, மில்லில் விண்டோஸ்... ஒரே ரோட்டில் 2 ஓஎஸ்! உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு எது சரி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையம் அரை மணி நேரம்தான். இரண்டு ஊரையும் இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 744 என்ற ஒரே ரோடு. ஆனால் இந்த ரோட்டின் ஒரு பக்கம் வழக்கு விவரம் ஏறும் கம்ப்யூட்டரும், மறுபக்கம் நூல் வியாபாரக் கணக்கு ஓடும் கம்ப்யூட்டரும் ஆன் செய்தவுடன் காட்டும் திரை வேறு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் லினக்ஸ். ராஜபாளையம் மில் ஆபீஸில் விண்டோஸ்.

'எந்த ஓஎஸ் பெஸ்ட்?' என்பது கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பக்கத்து இன்ஜினியரிங் ஹாஸ்டல்களில் எப்போதும் நடக்கிற சண்டைதான். விஜய் பெரிசா, அஜித் பெரிசா மாதிரி இதற்கும் முடிவே கிடையாது என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த முறை சண்டைக்கு ஒரு தேதி குறிக்கப்பட்டுவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பால்கோவா கடை பில்லிங் முதல் பேண்டேஜ் துணி ஏற்றுமதி கணக்கு வரை, பழைய கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் இப்போது அதே கேள்வி: அடுத்து எந்த ஓஎஸ்?

விண்டோஸ் 10-க்கு என்னதான் ஆச்சு?

கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. வழக்கம்போல ஆன் ஆகும், டேலி திறக்கும், பிரிண்ட் வரும். அதனால்தான் பலர் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. நின்றது பாதுகாப்பு அப்டேட் மட்டும்.

ஓஎஸ், அதாவது இயங்குதளம், என்பது கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருள். அதில் மாதா மாதம் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்படும். கண்டுபிடித்ததும் நிறுவனம் அதை அடைத்து அப்டேட்டாக அனுப்பும். இனி ஓட்டை தெரியவரும், அடைப்பு வராது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 11-க்கு ஒரு அப்டேட் வந்தால், அது எந்த ஓட்டையை அடைக்கிறது என்று பார்த்து, அதே ஓட்டை விண்டோஸ் 10-லும் இருக்கிறதா என்று தேட முடியும். திருடனுக்கு முகவரியை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது சென்னை அருகே உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்களும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸில் இருந்தவர்களும் மாட்டினார்கள். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க பிட்காயினில் பணம் கேட்டது அந்த வைரஸ். ஒரு நூற்பாலை ஆபீஸில் ஐந்து வருட லெட்ஜர் அப்படிப் பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஒரு அவகாசமும் கொடுத்திருக்கிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறலாம். இதற்கு மூன்று வழி: மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்க அனுமதிப்பது (காசு வேண்டாம்), அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுப்பது, அல்லது 30 டாலர் கட்டுவது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் இதில் சேரும் வாய்ப்பு தெரியும். தெரியாவிட்டால் உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்புதானா என்று முதலில் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் சர்வரோடு இணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் தனிக் கட்டணம்.

11-க்கு மாறிட வேண்டியதுதானே?

மாறலாம், கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டால். ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 11 இலவசம். ஆனால் 11 ஏறுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸருக்கு மேல் இருக்க வேண்டும். 8-ஆம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017 கடைசியில். அதற்கு முன் வாங்கிய ஐ3, ஐ5 எல்லாம், எவ்வளவு நல்லா ஓடினாலும், அதிகாரப்பூர்வமாக அவுட்.

இங்கேதான் சர்வீஸ் கடை உள்ளே வருகிறது. "அண்ணே, 11 போட்டுத் தாங்க" என்றால் நிபந்தனைகளைத் தாண்டி ஏற்றித் தரும் வித்தை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அதைவிட மோசமானது லைசென்ஸே இல்லாமல் 'ஆக்டிவேட்டர்' வைத்துத் திறக்கும் பழக்கம். அந்த ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் ஆள், 'முதலில் நாயைக் கட்டுங்க' என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கோர்ட்டுக்குள் லினக்ஸ் வந்தது எப்படி?

மாவட்டத் தலைநகர் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். நாட்டின் மற்ற மாவட்ட நீதிமன்றங்களைப் போல இதுவும் 'இ-கோர்ட்ஸ்' திட்டத்துக்குள் வருகிறது. 2007-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தை வழிநடத்துவது உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி. கீழமை நீதிமன்றங்களுக்கு அது தேர்ந்தெடுத்தது உபுண்டு லினக்ஸ். நீதித்துறைக்கென்று கொஞ்சம் மாற்றி அமைத்த உபுண்டுவில் நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. வழக்கு எண், வாய்தா தேதி, உத்தரவு எல்லாம் பதிவாகும் சி.ஐ.எஸ். மென்பொருளை தேசிய தகவலியல் மையத்தின் புனே பிரிவு, கட்டற்ற மென்பொருள்களை வைத்தே உருவாக்கியது. உங்கள் போனில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பில் வாய்தா தேதி பார்க்கிறீர்கள் அல்லவா, அந்தத் தகவல் கிளம்பும் இடம் இதுதான்.

கோர்ட்டுக்கு இது ஏன் சுலபமாக ஒத்துவந்தது? அங்கே செய்யும் வேலை ஒரே மாதிரியானது. ஒரு மென்பொருள், அதுவும் இந்த ஓஎஸ்ஸுக்காகவே எழுதியது. கூட ஒரு டைப்பிங் மென்பொருள், ஒரு பிரவுசர், ஒரு பிரிண்டர். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நீதிமன்றங்களுக்கு ஓஎஸ் லைசென்ஸ் வாங்கும் செலவு இல்லை. மேலே இருந்து ஒரே முடிவு, கீழே எல்லாருக்கும் ஒரே பயிற்சி.

ஆனால் கோர்ட் வாசலைத் தாண்டியதும் கதை மாறும். வக்கீல் ஆபீஸிலும் எதிரே இருக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் கடைகளிலும் பெரும்பாலும் விண்டோஸ்தான். உள்ளே லிப்ரே ஆபீஸில் அடித்ததை வெளியே எம்.எஸ். வேர்டில் திறந்தால் பத்தி இடம் மாறும், டேபிள் கோணும், எழுத்துரு வேறாகும். மின்னணுத் தாக்கல் பி.டி.எஃப்.பில் நடப்பதால் இந்தத் தகராறு இப்போது பாதி குறைந்திருக்கிறது. பி.டி.எஃப். எந்த ஓஎஸ்ஸில் திறந்தாலும் ஒரே முகம்தான்.

மில் கணக்கு ஏன் விண்டோஸை விடாது?

ராஜபாளையத்தின் கணக்கு வேறு. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றைய சிறு நூற்பாலைகள் வரை, பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்தின் பேண்டேஜ் துணி தறிகள் வரை, ஊரே பஞ்சும் நூலும்தான். பெரிய நிறுவனங்கள் இ.ஆர்.பி. மென்பொருளை பிரவுசரிலேயே திறந்து வேலை பார்த்துவிடும். இந்த ஊரில் பிறந்த ராம்கோ குழுமமே ராம்கோ சிஸ்டம்ஸ் என்று ஒரு இ.ஆர்.பி. மென்பொருள் நிறுவனத்தை சென்னையில் நடத்துகிறது. பிரவுசரில் ஓடும் மென்பொருளுக்கு அடியில் விண்டோஸா, லினக்ஸா என்பது ஒரு பொருட்டே இல்லை.

பத்து பேர் வேலை பார்க்கும் யூனிட்டுக்கு நிலைமை அப்படி இல்லை. அங்கே டேலி. பெங்களூருவில் 1986-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருள், டாஸ் காலத்தில் ஆரம்பித்து விண்டோஸில் வளர்ந்தது. டேலிபிரைம் இன்றும் விண்டோஸில்தான் நேரடியாக ஏறும். லினக்ஸில் 'ஒயின்' என்ற இடைமென்பொருள் வைத்து ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்தான். மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி அது பாதியில் நின்றால் அக்கவுண்டன்ட் யாரைக் கூப்பிடுவார் என்பதுதான் கேள்வி.

அடுத்தது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தளம் பிரவுசரில் திறக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான இன்வாய்ஸ்களை மொத்தமாக ஏற்றுவதற்கு அந்தத் தளமே தரும் ஆஃப்லைன் டூல் விண்டோஸுக்கு மட்டுமானது. லினக்ஸிலும் மேக்கிலும் அது வேலை செய்யாது. ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும். லினக்ஸுக்கு டிரைவர் இருக்கலாம், ஆனால் சர்வீஸுக்கு வருகிற தம்பிக்கு அதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் மில் ஆபீஸ்காரர் விண்டோஸை 'விரும்புகிறார்' என்று சொல்வதே தப்பு. அவர் விரும்புவது டேலியை. டேலி நாளைக்கே லினக்ஸுக்கு வந்தால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் கீழே என்ன ஓஎஸ் ஓடுகிறது என்று கவனிக்கக்கூட மாட்டார்கள்.

தமிழ் டைப்பிங்: யாரும் பேசாத பூட்டு

ஓஎஸ் சண்டையில் வேகம், வைரஸ், கேம்ஸ் எல்லாம் பேசுவார்கள். தமிழ்நாட்டில் ஒருவரை விண்டோஸிலேயே கட்டிப்போடும் பெரிய கயிறு வேறு ஒன்று: பழைய தமிழ் ஃபாண்ட்.

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் ஃபாண்ட்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான், நம் கண்ணுக்கு மட்டும் தமிழ். பாமினியில் ஒரு மாதிரி, வானவில் அவ்வையாரில் வேறு மாதிரி. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அரசு அலுவலகங்களில் வானவில், டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும், பக்கத்து சிவகாசி அச்சகங்களில் பல வருடத்து காலண்டர், கல்யாணப் பத்திரிகை கோப்புகள். எல்லாம் விண்டோஸில் பிறந்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு, 7.0, வந்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பழைய கோப்புகளைத் திறக்கவாவது அதை வைத்திருக்கும் கடைகள் உண்டு.

தமிழ் யூனிகோட் ஆதரவு விண்டோஸ் 2000-த்திலேயே லதா எழுத்துருவோடு வந்துவிட்டது. மேக்கில் 2005-ல் வந்த டைகர் பதிப்பில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவோடு தமிழ் வந்தது. லினக்ஸை எடுத்துக்கொண்டால், தமிழார்வலர்கள் சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து மெனுக்களை மொழிபெயர்த்தார்கள். தமிழக அரசும் 2010-லேயே யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. தமிழ்99 விசைப்பலகை இன்றைக்கு மூன்று ஓஎஸ்ஸிலும் கிடைக்கிறது, விண்டோஸுக்குள்ளேயே அது வந்துசேர 2019 ஆயிற்று. அதுவரை என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள்தான் கைகொடுத்தன. அந்தப் பழக்கமும் ஒரு கயிறுதான்.

இதில் நடைமுறைக்கு உதவும் விஷயம் ஒன்றுதான். நீங்கள் அடிப்பது யூனிகோட் தமிழ் என்றால் எந்த ஓஎஸ்ஸுக்கும் போகலாம், கோப்பு கூடவே வரும். பழைய ஃபாண்ட் என்றால் முதலில் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு ஓஎஸ் மாறுவது பற்றிப் பேசலாம். மாற்றித் தரும் இலவச கன்வெர்ட்டர்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன.

அரசு இதுவரை என்ன செய்தது?

தமிழக அரசே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு, சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் போனது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தபோது விண்டோஸ் மறுபடி முன்னுக்கு வந்தது. கட்டற்ற மென்பொருள் அமைப்பினர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் அது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். எத்தனை மாணவர்கள் இரண்டாவதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்பது அந்த லேப்டாப் வாங்கியவர்களுக்கே தெரியும்.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றது. இப்போது விண்டோஸ் 10-க்கு வந்திருக்கும் அதே நிலைமை. அதற்குச் சில மாதங்கள் முன்பே, எல்லாத் துறைகளும் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. உத்தரவு போனது, விண்டோஸ் போகவில்லை. கோர்ட்டில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை? கோர்ட்டுக்கு ஓஎஸ்ஸோடு சேர்த்து அதில் ஓடும் மென்பொருளும் பயிற்சியும் வந்தன. அரசு அலுவலகத்துக்கு ஓஎஸ் மட்டும் வந்தது. வானவில்லில் பத்து வருடம் டைப் செய்த உதவியாளரிடம் 'நாளையிலிருந்து இது' என்றால் அவர் என்ன செய்வார்?

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களிலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் உண்டு.

இப்போது அதே 744-ஆம் ரோட்டில் ராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே போங்கள். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை. மலையேறி இறங்கினால் புனலூர், கடைசியில் கொல்லம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதே லினக்ஸில்தான். 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி இப்போது 'கைட்' என்ற பெயரில் இயங்கும் கேரள அரசு நிறுவனம், உபுண்டுவைப் பள்ளிக்கு ஏற்ப மாற்றி, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதற்கு ஏற்றபடி எழுதியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அது சொன்னது. ஒரு கம்ப்யூட்டருக்கு 1.5 லட்ச ரூபாய் மென்பொருள் என்று போட்ட கணக்கு அது. எந்தப் பள்ளியும் அந்த விலைக்கு வாங்கப்போவதில்லை, எனவே தொகையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். பத்தில் ஒரு பங்கு என்றாலும் 300 கோடி.

சரி, சண்டையில் யார் சொல்வது உண்மை?

'லினக்ஸில் வைரஸே வராது' என்பது மிகை. வரும், குறைவு. டெஸ்க்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஆக்டிவேட்டர், கிராக் வேர்ஷன் எல்லாம் தேவைப்படாத ஓஎஸ் என்பதே பெரிய பாதுகாப்பு.

'லினக்ஸ் கஷ்டம்' என்பது பத்து வருடத்துக்கு முந்தைய உண்மை. இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் கையில் இருப்பதே லினக்ஸ் கெர்னல்தான். 1991-ல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் அதில்தான் ஓடுகின்றன. கஷ்டம் ஓஎஸ்ஸில் இல்லை, ஊரில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பதில் இருக்கிறது.

'விண்டோஸ்னா பிரச்னையே இல்லை' என்பவர்களுக்கு 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மேக்? நல்லா இருக்கும், நீண்ட காலம் உழைக்கும். ஐபோன் ஆப் செய்து வெளியிட வேண்டும் என்றால் அதை விட்டால் வழியும் இல்லை. ஆனால் மேக் ஓஎஸ் வேண்டும் என்றால் ஆப்பிள் கம்ப்யூட்டரே வாங்க வேண்டும், இருக்கிற டெஸ்க்டாப்பில் அது அதிகாரப்பூர்வமாக ஏறாது. 'பழைய கம்ப்யூட்டரை என்ன செய்ய?' என்று கேட்பவருக்கு மேக் ஒரு பதிலே இல்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கு என்ன செய்யலாம்?

ஒரு பேப்பரை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் திறந்த மென்பொருள்களை எழுதுங்கள். கூடவே அதில் சொருகும் பிரிண்டர், டோக்கன், கருவி எல்லாவற்றையும். பட்டியலில் பிரவுசர், யூடியூப், பி.டி.எஃப்., கொஞ்சம் டைப்பிங் மட்டும்தான் இருக்கிறது என்றால் நீங்கள் தாராளமாக லினக்ஸ் பக்கம் போகலாம். டேலியோ, ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் டூலோ, கோரல்டிராவோ இருந்தால் விண்டோஸிலேயே இருங்கள். 11 ஏறும் கம்ப்யூட்டர் என்றால் இப்போதே மாறுங்கள். ஏறாது என்றால் அந்தக் கூடுதல் அப்டேட்டில் சேர்ந்து, 2026 அக்டோபருக்குள் வேறு கம்ப்யூட்டருக்குக் காசு சேருங்கள்.

இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓஎஸ் லேபில் யுனிக்ஸ் கமாண்டும் ஷெல் புரோகிராமும் எப்படியும் வரும். வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். அரசு லேப்டாப்பில் அந்த இரண்டாவது ஓஎஸ்ஸும் இருக்கிறது என்றால், தேர்வுக்கு முதல் நாள் வரை காத்திருக்காமல் அதைத் திறந்து பழகிவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. மின்ட்டுக்கு 4 ஜி.பி. ராம் இருந்தால் நல்லது, 2 ஜி.பி.யிலும் நகரும். மெனு எல்லாம் விண்டோஸ் சாயலில் இருக்கும் என்பதால் புதிதாக வருபவருக்கு மின்ட் பழகுவது எளிது. மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், எந்த ஓஎஸ் என்றாலும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஓஎஸ் மாற்றுவதைவிட இதுவே அதிகப் பலன் தரும் கம்ப்யூட்டர்களும் நிறைய உண்டு.

எதையும் அழிக்காமல் முதலில் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் போன்ற மென்பொருளால் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் திறக்கும். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99-ல் அடிக்க முடிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது மட்டும் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள்.

பிடித்துப்போய் நிரந்தரமாக ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் இரண்டு வேலை. டேலி டேட்டா ஃபோல்டர் உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். அப்புறம், விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே அது ஆன் ஆகியிருக்கும். இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு டைரியில் எழுதி வைத்த பிறகு பென் டிரைவைச் சொருகுங்கள். அந்த எண் இல்லாமல் டிஸ்க் பூட்டிக்கொண்டால் சர்வீஸ் கடை அண்ணனாலும் திறக்க முடியாது.